எல்லாத்துக்கும் நாலு

பொறியியல் முடித்த கையோடு மேல்படிப்புக்கான கேட் தேர்வை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கோட்டை விட்டவன் நான். அதனால் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த மூன்றாவது வாரம், தெற்கு கரோலினாவில் ஃபோர்ட் ஜாக்ஸன் பயிற்சி முகாமில், "நாளைக் காலையில் எல்லாரும் கேட் எழுதணும்" என்று டிரில் சார்ஜெண்ட் கத்தியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏழு கடல் தாண்டி வந்தாலும் இது விடாது போலிருக்கே என்று நினைத்தேன்.

அது வேறு கேட். குளோபல் அசெஸ்மெண்ட் டூல். ஜி-ஏ-டி, சேர்த்துச் சொன்னால் கேட். கணக்கு கிடையாது, நெகட்டிவ் மார்க் கிடையாது, பாஸ் ஃபெயில் கிடையாது. உன் மனசு, உன் குடும்பம், உன் சிநேகிதம், உன் நம்பிக்கை இதுக்கெல்லாம் நீயே மார்க் போட்டுக்கொள்ள நூற்றுச் சொச்சம் கேள்விகள். ஒரு வாக்கியம் வரும். இது நான் இல்லவே இல்லை என்றால் 1, அச்சு அசல் நானேதான் என்றால் 5. அப்போது படைவீரர் எல்லாரும் வருடத்துக்கு ஒரு தடவை எழுதியே ஆக வேண்டும்.

முதல் பக்கத்திலேயே நான் திணறிவிட்டேன். ஊரில் யாராவது "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் "ஏதோ ஓடுது" என்போம். அந்த 'ஏதோ ஓடுது'க்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எந்த எண்? நான் ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டிருக்க, பக்கத்து நாற்காலியில் இருந்த ஒஹாயோ பையன் ஆறே நிமிடத்தில் முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். எப்படி என்று கண்ணாலேயே கேட்டேன். "எல்லாத்துக்கும் நாலு போடு. அஞ்சு போட்டா பொய்னு தெரிஞ்சிடும். மூணு போட்டா யாராவது கூப்பிட்டு விசாரிப்பாங்க." சரிதானே என்று எட்டிப் பார்த்தேன். தனக்கு நெருங்கியவர்கள் என்று யாரும் இல்லை என்ற பொருளில் வந்த கேள்விக்கும் நாலு போட்டிருந்தான்.

தமிழன் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தான் என்று கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாவ்னி என்று ஒரு திட்டத்தை 2009-ல் தொடங்கினார்கள். கிரீன் கார்டு இல்லாவிட்டாலும், முறையான விசாவில் 2 வருடமாவது அமெரிக்காவில் இருந்தவர்கள், ராணுவம் கேட்கும் மொழிகளில் ஒன்று தெரிந்தால் சேரலாம். பயிற்சி முடிகிற கையோடு குடியுரிமை. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. நான் 2010-ல் டெக்சாஸுக்கு எம்.எஸ். படிக்கப் போனவன். படிப்பு முடிந்தது, வேலை அமையவில்லை, விசா கெடு நெருங்கியது, 2013-ல் கையெழுத்துப் போட்டேன். என் தமிழை ராணுவம் ஒரு நாளும் ஒரு சொல்லுக்குக்கூடப் பயன்படுத்தவில்லை. எனக்குக் கொடுத்த வேலை சப்ளை: போர்வை, பூட்ஸ், டெண்ட், ராத்திரியில் பார்க்கும் கருவி, எல்லாவற்றுக்கும் கணக்கு. 2016-ல் அந்தத் திட்டத்தில் ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

இதில் ஒரு முடிச்சு உண்டு. அப்படிக் கிடைத்த குடியுரிமை முதல் 5 வருடத்துக்கு நிபந்தனையோடுதான். கௌரவமான முறையில் பணியை முடிக்காமல் வெளியே அனுப்பப்பட்டால் குடியுரிமையைத் திரும்பப் பெற முடியும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். தூக்கம் வரவில்லை என்று ஒரு படிவத்தில் எழுதினால் யாரும் குடியுரிமையைப் பிடுங்கப் போவதில்லை. அது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எந்தப் படிவத்தைப் பார்த்தாலும் அந்த 5 வருடம்தான் கண்முன்னால் நின்றது.

ஆக, நானும் நாலு போட்டேன். ஒரே ஒரு பகுதியில் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டேன், அதில்தான் மாட்டிக்கொண்டேன். அந்தப் பகுதி ஆன்மிகம். 'நான் ஆன்மிக நாட்டம் உள்ளவன்' என்று ஒரு வாக்கியம். நான் வளர்ந்த வீட்டில் சாமி படத்துக்குப் பதில் பெரியார் படம். அப்பா கருப்புச் சட்டைக்காரர். அவருக்குத் தாத்தா வைத்தது குலசாமி பெயர் என்பது வேறு விஷயம், அதற்காக அவர் கடைசிவரை தாத்தாவைத் திட்டிக்கொண்டிருந்தார். கை தன்னால் 1-ஐ அழுத்திவிட்டது. முடிவுப் பக்கத்தில் மற்றதெல்லாம் பச்சையாக இருக்க, ஆன்மிகத்தில் சிவப்பு. இந்த விஷயத்தில் உனக்குக் கஷ்டம் இருக்கலாம் என்கிற தோரணையில் ஒரு குறிப்பு வேறு.

பயிற்சி முடிந்து போன் கையில் கிடைத்ததும் அப்பாவிடம் சொன்னேன். "என்னல, சாமி இல்லன்னதுக்கு மார்க்கக் கொறச்சிட்டானா?" என்று சிரித்தார். அன்று சாயங்காலம் டீக்கடையில் பாளையங்கோட்டை முழுக்கத் தெரியும்படி சொல்லியிருக்கிறார். அமெரிக்க ராணுவத்தில் பகுத்தறிவுக்காகத் தோற்கடிக்கப்பட்ட முதல் தமிழன் நான் என்பது அவருடைய கட்சி.

முதல் ஆள் நான் இல்லை. எனக்கு மூன்று வருடம் முன்பே ஜஸ்டின் கிரிஃபித் என்ற ராணுவ சார்ஜெண்ட், ஃபோர்ட் பிராக்கில் இருந்த நாத்திகர், இதே சிவப்பு வாங்கி, அதைப் பொதுவெளியில் எழுதிப் பெரிய சண்டையே நடந்தது. அரசாங்கம் ஒரு சிப்பாயிடம் உனக்கு ஆன்மிகம் போதவில்லை என்று சொல்லலாமா என்பது கேள்வி. ஆன்மிகம் என்றால் மதம் என்று பொருள் இல்லை, வாழ்க்கைக்கு அர்த்தம் தேடுவதுதான் என்று ராணுவம் பதில் சொன்னது. அப்பா அதைக் கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

கேட்டைக் கொண்டுவந்த திட்டத்தின் பின்னால் இருந்தவர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனசில்லை. 2009. ஈராக்கும் ஆப்கானிஸ்தானும் ஆட்களைச் சக்கையாகப் பிழிந்துகொண்டிருந்த நேரம். தற்கொலைகள் கூடிக்கொண்டே போயின. அன்றைய ராணுவத் தலைமைத் தளபதி ஜார்ஜ் கேசி, உடம்புக்கு எப்படிப் பயிற்சி கொடுக்கிறோமோ அப்படி மனசுக்கும் முன்கூட்டியே கொடுப்போம் என்று தொடங்கினார். பொறுப்பில் வைத்தது ரோண்டா கார்னம் என்ற டாக்டரை. 1991 வளைகுடாப் போரில் அவர் போன ஹெலிகாப்டரைச் சுட்டு வீழ்த்தியதில், இரண்டு கையும் உடைந்த நிலையில் ஈராக்கில் கைதியாக இருந்து திரும்பியவர். மனத்திடம் பற்றி அவர் பேசினால் யாரும் வாய் திறக்க முடியாது. பாடம் வகுத்தவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் செலிக்மன், நேர்மறை உளவியல் என்ற துறைக்கே முகம் போன்றவர். பல்கலைக்கழகத்தோடு போட்ட ஒப்பந்தம் 3.1 கோடி டாலர்.

அந்தப் பாடம் எங்கள் கம்பெனிக்கு, அதாவது எங்கள் படைக்குழுவுக்கு, வந்து சேர்ந்தபோது எப்படி இருந்தது என்றால், 10 நாள் வகுப்புக்குப் போய்வந்த ஒரு சார்ஜெண்ட் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்களை வரிசையில் நிறுத்தி, "இன்றைக்கு நடந்த நல்லது மூன்று சொல்லுங்கள்" என்பார். நல்லதை வேட்டையாடு என்று அந்தப் பயிற்சிக்குப் பெயர். வார இறுதிக்கு வீட்டுக்குப் போக முடியாமல் வெயிலில் நிற்கும் 100 பேரிடம் கேட்டால் என்ன வரும்? பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "நீங்க இன்னும் மூணு நிமிஷத்துல முடிச்சா அது ஒண்ணு, சார்ஜெண்ட்."

சப்ளையில் இருந்தவனை டிரெய்னிங் ரூமுக்கு இழுத்துப் போட்டார்கள். எக்செல் தெரிந்த இந்தியன் என்பது தவிர வேறு தகுதி எனக்கு இல்லை. வருடாந்தரக் கட்டாயங்கள் ஒவ்வொன்றிலும் யார் பாக்கி என்று பட்டியல் எடுத்து விரட்டுவது வேலை. துப்பாக்கி சுடுதல், பல் பரிசோதனை, காது பரிசோதனை, காய்ச்சல் ஊசி, கேட். திங்கள்கிழமை மீட்டிங்குக்கு ஒரு ஸ்லைடு. சதவீதம் 90-க்கு மேல் இருந்தால் பச்சை, கீழே போனால் மஞ்சள், அதற்கும் கீழே சிவப்பு. கேட்டில் யார் என்ன பதில் சொன்னார்கள் என்பது கமாண்டருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது என்பது விதி. முடித்தானா இல்லையா என்பது மட்டும் தெரியும். நல்ல விதிதான். ஆனால் மேலே தெரிகிற ஒரே எண் அதுவென்றால், எல்லாரும் துரத்தும் எண்ணும் அதுவாகத்தானே இருக்கும்?

அப்புறம் நான் துரத்தினேன். மாதக் கடைசியில் நாலு பேர் பாக்கி என்றால், ஃபர்ஸ்ட் சார்ஜெண்ட் என் மேஜைக்கு வந்து நிற்பார். அவரை எல்லாரும் டாப் என்று கூப்பிடுவோம். "ஆல்ஃபபெட், எனக்கு நூறு வேணும்." ஆல்ஃபபெட் என்பது நான். சட்டையில் தைத்த பெயர்ப்பட்டையில் 13 எழுத்து, நம்மூர் வழக்கப்படி அது அப்பா பெயர். இந்தப் பக்கம் முழுப்பெயர் என்றால் கடைசியில் வருவதுதான் பெயர். அதனால் அந்த ராணுவத்துக்கு என் பெயரே தெரியாது. வாயில் நுழைந்தவர்கள் அப்பாவைக் கூப்பிட்டார்கள், நுழையாதவர்கள் ஆல்ஃபபெட்.

டாப் நூறு கேட்டால் நூறு கொடுப்பேன். பாக்கி நாலு பேரைப் பிடித்து, கார்டு ரீடர் வேலை செய்யும் ஒரே கம்ப்யூட்டரின் முன்னால் உட்காரவைத்து, பின்னால் நின்றுகொள்வேன். லூசியானாவிலிருந்து வந்த ஒருத்தன், ஒரு கையில் எனர்ஜி டிரிங்க் டின், மறு கையால் மவுஸ். குடி பற்றிய கேள்வி வந்தது. எவ்வளவு அடிக்கடி? மாதம் ஒரு தடவை அல்லது அதற்கும் குறைவு என்று அழுத்தினான். நேற்று ராத்திரி அவன் அறைக்கு வெளியே குப்பையில் கிடந்த பீர் அட்டைப்பெட்டி எனக்குத் தெரியும். அவனுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். திரும்பிப் பார்த்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அந்த இடத்தை நினைத்தால் இன்னும் எனக்குக் கொஞ்சம் கூசும்.

இடையில் கேட்டைப் புதுப்பித்தார்கள். தூக்கம், உடற்பயிற்சி, சாப்பாடு எல்லாம் சேர்த்து, கடைசியில் 'உன் உண்மையான வயது' என்று ஒரு எண் சொல்லும். எனக்கு 28 நடந்தபோது 31 என்றது. லூசியானாக்காரனுக்கு அவன் வயதைவிட இரண்டு குறைவு. பொய் சொன்னால் இளமை திரும்பும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம்.

2015-ல் ஒரு செய்தி வந்தது. 7,70,000 வீரர்களின் பதில்களைக் கூட்டிப் பார்த்ததில், 52 சதவீதம் பேர் 'நல்லதே நடக்கும் என்ற நம்பிக்கை' என்ற தலைப்பில் மோசமான மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். பத்திரிகை கேட்கத் தொடங்கியதும் ராணுவம் சிவப்புக் கோட்டைக் கீழே இறக்கிக் கணக்கை மறுபடி போட்டது. 52 என்பது 9 ஆயிற்று. திங்கள்கிழமை ஸ்லைடு போட்டவன் என்ற முறையில் எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. என்னிடம் சொல்லியிருந்தால் பூஜ்யமாக்கிக் கொடுத்திருப்பேன். எனக்கு வேறொன்றுதான் ஆச்சரியம். அத்தனை பேர் நாலு போட்ட பிறகும் 52 வந்திருக்கிறதே!

என் சித்தப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் 17 வருடம் இருந்தவர். அவரிடம் இதைச் சொன்னபோது அவருக்குப் புரியவே இல்லை. இந்திய ராணுவத்தில் ஷேப் என்று ஒரு கணக்கு. மனநிலை, காது, கைகால், உடம்பு, கண் என்று ஐந்துக்கும் டாக்டர் பார்த்து எண் போடுவார், எல்லாம் சரி என்றால் ஷேப்-ஒன். "உனக்கு மனசு சரியா இருக்கான்னு உன்கிட்டயே கேக்கானா? நீ என்ன சொல்லுவ?" என்றார். அங்கே மட்டும் எல்லாரும் உண்மையைச் சொன்னார்களா சித்தப்பா என்றேன். பதில் வரவில்லை. காபி ஆறுது குடி என்றார்.

அப்பா பஸ் டிரைவர். அவருக்கும் இந்த மாதிரி ஒரு கட்டாயம் இருந்தது, கண் பரிசோதனை. எங்கள் வீட்டில் அது ஒரு பண்டிகை மாதிரி. முந்தின நாள் பரிசோதனைக்குப் போய்வந்த டிரைவர் ஒருத்தர் சைக்கிளில் வந்து வாசலில் நின்றபடியே கடைசி இரண்டு வரியைச் சொல்லிவிட்டுப் போவார். அப்பா அதை ஒரு பீடிக்கட்டு அட்டையில் எழுதிக்கொள்வார். "ட, ப, ர, ய, க." ராத்திரி சாப்பிடும்போது சொல்லிப் பார்ப்பார். நானும் தங்கச்சியும் தப்பு கண்டுபிடிப்போம். தங்கச்சிக்கு அந்த வரி இன்னும் மனப்பாடம். பஸ்ஸில் 52 சீட்டு, நிற்கிறவர்கள் தனி. அத்தனை உயிரையும் 'ட ப ர ய க'வை வைத்து ஓட்டினார் என்பது எனக்கு உறைத்ததே அவர் ரிட்டயர் ஆன பிறகுதான். கெட்டவர் இல்லை. வண்டியிலிருந்து இறக்கி ஆபீசில் உட்காரவைத்தால் படி போய்விடும், தங்கச்சி காலேஜ் ஃபீஸ் அந்தப் படியில்தான் கட்டியது.

2016-ல் எங்கள் கம்பெனி 9 மாதத்துக்குக் குவைத் போனது. சண்டை இல்லாத இடம். மணலும் கன்டெய்னரும் 50 டிகிரி வெயிலும். சப்ளைக்காரனுக்கு அங்கே எண்ணுவதுதான் வேலை. ஏழாவது மாதம் அப்பா இறந்துபோனார். மாரடைப்பு. 61 வயது.

குவைத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் 5 மணி நேரம்தான். எனக்கு 4 நாள் ஆயிற்று. இறப்புச் செய்தி முறைப்படி உறுதியாக வேண்டும், லீவு உத்தரவு வர வேண்டும், அதெல்லாம் ஒன்றரை நாளில் முடிந்துவிட்டது. மீதி விசாவுக்கு. நான் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டேன் அல்லவா, இந்தியாவுக்குள் நுழைய எனக்கு விசா வேண்டும். வெளிநாட்டு இந்தியர் அட்டை வாங்கி வைத்திருந்தேன், டெக்சாஸில் ஒரு டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வாசலில் போட்ட பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கருமாதி எதுவும் வேண்டாம் என்று அப்பா எழுதி வைத்திருந்தார். கண்ணைத் தானம் கொடுக்கவும் எழுதியிருந்தார். பார்வை மங்கலாக இருந்தவர் கண்ணும் ஆகுமா என்று தங்கச்சியிடம் கேட்டேன். கருவிழி நன்றாக இருந்தால் போதுமாம், எடுத்துக்கொண்டு போனார்களாம்.

பத்து நாளில் குவைத் திரும்பினேன். இரண்டு மாதம் கழித்து எல்லாரும் டெக்சாஸ் வந்தோம்.

திரும்பி வருகிறவர்களுக்கு ஒரு படிவம் உண்டு. அது கேட் இல்லை, டாக்டர்கள் பார்க்கும் படிவம். தூக்கம், கெட்ட கனவு, திடுக்கிடல், குடி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், எல்லாம் கேட்கும். ஒரு பெரிய கூடத்தில் பல், காது, ரத்தம், ஊசி என்று வரிசையாக மேஜைகள். கடைசியில் கம்ப்யூட்டர்கள். எல்லா மேஜையிலும் கையெழுத்து வாங்கிவிட்டால் ஒரு மாதம் லீவு. வரிசையில் நிற்கும்போதே விடை கைமாறியது. "எல்லாத்துக்கும் நோ. ஒரு யெஸ் அழுத்தினாலும் பின்னாடி ரூம். பின்னாடி ரூமுக்குப் போனா இன்னிக்கு வீடு கிடையாது." சைக்கிளில் வந்து வாசலில் நின்ற டிரைவர் ஞாபகம் வந்தது. கூடத்துக்கு வெளியே கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் அட்டையில் பெயர் எழுதிப் பிடித்துக்கொண்டிருந்தன. எந்த அப்பன் யெஸ் அழுத்துவான்?

எனக்காக வெளியே யாரும் நிற்கவில்லை. ஆனாலும் நோதான் அழுத்தினேன். முழுப் படிவமும் நாலு நிமிடம்.

இதை முன்பே ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள். ஈராக்கிலிருந்து திரும்பிய ஒரு படைப்பிரிவில், வழக்கமான படிவத்தோடு, பெயர் இல்லாத இன்னொரு படிவத்தையும் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெயர் இல்லாததில் மனச்சோர்வும் அதிர்ச்சி நோயும் 2 முதல் 4 மடங்கு அதிகமாகத் தெரிந்தது. பிரச்சினை இருப்பதாகத் தெரிந்தவர்களில், வழக்கமான படிவத்தில் உண்மையை எழுதத் தயக்கமாக இருந்தது என்றவர்கள் ஐந்தில் ஒருவர். 2011-ல் வெளியான கட்டுரை. அதைப் படித்தபோது அந்தக் கூடத்தின் ஃபினாயில் வாசனை மூக்கில் ஏறியது.

டெக்சாஸ் வந்த பிறகுதான் ஆரம்பித்தது. படுத்தால் தலைக்குள் ஸ்டாக் எண்ணிக்கை ஓடும். டெண்ட் கம்பம் 40, போர்வை 112, ராத்திரிக் கருவி 36, சீரியல் நம்பரோடு. ஒன்று குறையும். முதலிலிருந்து எண்ணுவேன். விடியக்காலை 3 மணி ஆகும். 6 மணிக்கு வரிசையில் நின்றால் டாப் ஆஜர் கூப்பிடுவார். அப்பா பெயரைத்தான் கூப்பிடுவார். "ஹியர், ஃபர்ஸ்ட் சார்ஜெண்ட்" என்று நான் சொல்ல வேண்டும். முன்னெல்லாம் அது வெறும் சத்தம். இப்போது தினமும் காலையில் ஒருத்தர் செத்துப்போன மனுஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், நான் இருக்கிறேன் என்கிறேன்.

இதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

அந்த வருடம் கேட் வந்தது. குடும்பம் என்ற பகுதியில் எல்லாவற்றுக்கும் நாலு. ஸ்லைடு பச்சை.

திரும்பி வந்து 90-லிருந்து 180 நாளுக்குள் இரண்டாவது தடவை ஒரு படிவம் கொடுப்பார்கள், அதன்பின் மருத்துவத் தரப்பில் ஒருத்தர் நேரில் பேசுவார். இந்த இரண்டாவது தடவையைச் சேர்த்தவர்கள் யாரோ தெரிந்து செய்திருக்கிறார்கள். 2007-ல் வந்த ஒரு ஆய்வு, ஈராக்கிலிருந்து திரும்பிய 88,235 பேரின் இரண்டு படிவங்களையும் ஒப்பிட்டது. முழுநேர வீரர்களில் அதிர்ச்சி நோய்க்கான அறிகுறி முதல் தடவை 11.8 சதவீதம், சில மாதம் கழித்து 16.7. ரிசர்வில் இருந்தவர்களுக்கு 12.7 என்பது 24.5 ஆனது. வீட்டுக்குப் போகும் அவசரம் தீர்ந்து, வீட்டிலேயே இருந்து பார்த்த பிறகு கேட்டால் வேறு பதில் வருகிறது.

நான் இரண்டாவது தடவையும் நோதான். பழக்கம். அதற்கப்புறம் ஒரு சின்ன அறை. 50 வயதுக்கு மேற்பட்ட நர்ஸ் ஒருத்தர். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். என் படிவத்தைத் திரையில் மேலிருந்து கீழே ஒரு தடவை உருட்டினார். அத்தனையும் நோ. மவுஸைத் தள்ளிவைத்தார்.

"நேத்து ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கின?"

"மூணேகால்" என்றேன். யோசிக்கவே இல்லை. தூக்கத்தில் சிரமம் உண்டா என்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லத் தயாராக உட்கார்ந்திருந்தேன். மணி கேட்பார் என்று யாரும் எனக்குச் சொல்லிவைக்கவில்லை.

"முந்தாநாள்?"

"மூணு."

"மூணு மணி வரைக்கும் என்ன பண்ணுவ?"

"எண்ணுவேன்."

"என்னத்தை?"

போர்வையில் ஆரம்பித்தேன். எனக்கு ஒதுக்கிய நேரம் 15 நிமிடம். 40 நிமிடம் ஆயிற்று. வெளியே வரிசையில் இருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள், அவர் எழுந்துபோய் ஏதோ சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். பெயர்ப்பட்டையைக் காட்டி, இது என் பெயர் இல்லை, அப்பா பெயர் என்றபோது, அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். நான் சொன்னேன். மூன்று தடவை முயன்று மூன்றாவது தடவை ஏறக்குறையச் சரியாகச் சொன்னார். அந்த இடத்தில் அழுதுவிட்டேன்.

பிறகு திரையை என் பக்கம் திருப்பி, பதிலை நீயே மாற்று என்றார். எட்டுக் கட்டம் மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாக யெஸ், அதன் கீழே முளைக்கும் துணைக்கேள்விகள். முதலில் நாலு நிமிடத்தில் முடித்த படிவத்தைத் திருத்தக் கால் மணி நேரம். ஆறு மாதம் வாரம் ஒரு தடவை போய்ப் பேசிவிட்டு வந்தேன். குடியுரிமையை யாரும் பிடுங்கவில்லை. 2018-ல் ஒழுங்காகப் பணி முடித்து வெளியே வந்தேன்.

இப்போது கேட் இல்லையாம், அசிமத் செக் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். திசைமானியை வைத்துக் காட்டில் நடக்கும்போது, நாம் போகும் திசை சரிதானா என்று அவ்வப்போது நின்று பார்ப்பதற்கு அந்தப் பெயர். கேட்டைவிட நல்ல பெயர். எல்லாத்துக்கும் நாலு என்கிற விடை புதுப்பெயருக்கும் செல்லுமா என்று உள்ளே இருக்கும் ஒரு பையனிடம் கேட்டேன். சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினான்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் அப்பாவோடு 11 வருடம் ஓடிய கண்டக்டர் அண்ணாச்சியும் ஒருத்தர். பந்தல் பிரித்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தங்கச்சி கொண்டுவந்த டீயைக் குடித்தபடி சொன்னார். அப்பாவுக்குக் கண் சரியில்லை என்று அவருக்கு முதலில் சந்தேகம் வந்தது, கை காட்டி நின்ற ஆட்களைத் தாண்டி வண்டி போனபோது. கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார், போன மாசம்தான் டெஸ்ட் பாஸ் என்பார். "ஒரு நாள் சீதபற்பநல்லூர் தாண்டிப் போயிட்டிருக்கோம். முன்னாடி ஒண்ணு போகுது. அண்ணாச்சி, அந்த லாரி என்ன நம்பர்னு சும்மா கேட்டேன். கொஞ்ச நேரம் பாத்தாரு. 'லாரியா அது?'ன்னாரு."

நான் சிரித்துவிட்டேன். தங்கச்சியும்.

"மறுநாள் ரெண்டு பேரும் லீவு போட்டுட்டு ஜங்ஷன்ல கண்ணாடி வாங்கப் போனோம். யாருக்கும் சொல்லல. பணம் கொறஞ்சுதுன்னு நான்தான் நூத்தி எம்பது போட்டேன். உங்கப்பா தரேன் தரேன்னு தரவே இல்ல."

பர்ஸை எடுத்தேன். என்னிடம் குவைத் தினாரும் டாலரும்தான் இருந்தது. தங்கச்சி உள்ளே போய் இரண்டு நூறு ரூபாய் கொண்டுவந்து நீட்டினாள். அண்ணாச்சி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வாங்கி, எண்ணி, சட்டைப் பையிலிருந்து இருபது ரூபாயை எடுத்துச் சில்லறை கொடுத்தார்.